காட்டோரத்துக் காய்ச்சல்

கெடாவின் ரப்பர் தோட்டங்களில் நம் முன்னோரை அதிகம் வாட்டிய நோய் மலேரியா. 1909-இல் கெடா சயாமின் ஆதிக்கத்திலிருந்து ஆங்கிலேயரின் கீழ் வந்தது. அதன்பின் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் காட்டை வெட்டி வரிசை வரிசையாகக் கித்தா மரம் நட்டார்கள். நட்டவர்களும் பால் வெட்டியவர்களும் பெரும்பாலும் தமிழர்கள். காய்ச்சல் கண்டு பெரட்டுக்கு வராமல் லயத்தில் சுருண்டு கிடந்தவர்களுக்குத் தோட்டத்து டிரெஸ்ஸர் கொடுத்த கொயினாதான் மருந்து. கொயினாவின் கசப்பைப் பற்றிப் பேசாத பழைய தோட்டத்து ஆட்கள் குறைவு.

அந்தக் காலத்து மலேரியாவிலிருந்து ஒரு பாடம் இருக்கிறது. கிள்ளானுக்கு 1901-இல் அரசு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்து அந்த நகரத்து மலேரியாவை அடக்கிக் காட்டினார். மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டு அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆனால் கிள்ளானில் பலித்த வழி மலையடிவாரத் தோட்டங்களில் பலிக்கவில்லை. காட்டை வெட்டி ஓடைகளில் வெயில் படவிட்டதும் அங்கே காய்ச்சல் கூடியது. சதுப்பின் நிழலில் பெருகும் கொசு ஒரு வகை. வெயில் படும் தெளிந்த மலையோடையில் பெருகும் 'அனோபிலஸ் மாக்குலாட்டஸ்' வேறு வகை. ஒன்றை ஒழிக்கும் வேலை மற்றொன்றை வளர்த்துவிட்டது. இதை உணர்ந்த பிறகுதான் நிலத்தடிக் குழாய் பதிப்பதும் ஓடைகளில் எண்ணெய் தெளிப்பதும் தோட்டத்து வழக்கமாயின. எந்தக் கொசு, எந்த ஒட்டுண்ணி என்று துல்லியமாகத் தெரியாமல் இந்த நோயோடு போராட முடியாது. நூறு ஆண்டு கழித்து மலேசிய ஆய்வாளர்கள் செய்ததும் இதே வேலைதான்.

2018 முதல் மலேசியாவில் மனித மலேரியா உள்நாட்டில் பரவவில்லை. பல தலைமுறைகளின் உழைப்பு இது, பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அதே 2018-இல் இந்நாட்டில் 4,000-க்கும் மேற்பட்டோர் மலேரியாவில் படுத்தார்கள். அவர்களைத் தாக்கிய ஒட்டுண்ணியின் பெயர் 'பிளாஸ்மோடியம் நோலெசி'. அது குரங்குகளின் மலேரியா.

தோட்டத்து ஓரங்களில் நாம் தினமும் பார்க்கும் நீள்வால் குரங்கும், தென்னையேறப் பழக்கப்படுத்தப்படும் 'பெரோக்' எனும் பன்றிவால் குரங்கும் இந்த ஒட்டுண்ணியின் இயற்கையான வீடுகள். நீள்வால் குரங்கின் இரத்தத்தில் அது அடங்கி வாழ்கிறது. குரங்குக்குப் பெரிய தொந்தரவு இல்லை. அதன் இரத்தத்தைக் குடித்த கொசு மனிதனைக் கடித்தால்தான் வினை.

இது புதிய கிருமி அன்று. சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு குரங்கின் இரத்தத்தில் இதைக் கண்டார்கள். அங்குள்ள வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்களான நோல்ஸும் தாஸ் குப்தாவும் 1932-இல் இதை விவரித்து எழுதினார்கள். மனித உடலிலும் இது வளரும் என்பதை அப்போதே காட்டிவிட்டார்கள். இயற்கையாக ஒரு மனிதருக்குத் தொற்றியது முதன்முதலில் தெரியவந்தது 1965-இல். பகாங் காட்டில் இரவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஓர் அமெரிக்க நில அளவையாளர் அவர். அதன் பிறகு இதை எப்போதாவது நடக்கும் அபூர்வம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அந்த எண்ணத்தை மாற்றியது மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பல்பீர் சிங்கின் குழு. சரவாக்கின் காப்பிட் மருத்துவமனையில் 'பிளாஸ்மோடியம் மலேரியே' என்று குறிக்கப்பட்ட நோயாளிகள் கூடிக்கொண்டே போனார்கள். அந்த வகை பொதுவாகச் சாதுவானது. இரத்தத்தில் ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கையும் குறைவாகவே இருக்கும். காப்பிட் நோயாளிகளோ நிறைய ஒட்டுண்ணிகளோடும் கடும் காய்ச்சலோடும் வந்தார்கள்.

இரத்தத் துளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் மலேரியாவின் பழைய சோதனை. சிவப்பணுவுக்குள் வளர்ந்துவரும் ஒட்டுண்ணி சில வேளை அணுவின் குறுக்கே ஒரு பட்டைபோல நீண்டு கிடக்கும். மலேரியே வகையின் அடையாளம் அது என்று எல்லாரும் படித்திருந்தார்கள். நோலெசிக்கும் அதே பட்டை உண்டு. எவ்வளவு தேர்ந்த கண்ணுக்கும் இரண்டையும் பிரிப்பது கடினம்.

பல்பீர் சிங்கும் அவர் குழுவின் ஜேனட் காக்ஸ்-சிங்கும் நுண்ணோக்கியை விட்டு மரபணுவைப் பார்த்தார்கள். ஒட்டுண்ணியின் மரபணுவில் ஒரு சிறு துண்டை மட்டும் பெருக்கி எடுத்து இனம் காணும் பி.சி.ஆர். சோதனை அது; கோவிட் காலத்தில் நம் எல்லார் மூக்குக்கும் அறிமுகமானதே. சோதித்த 208 மலேரியா நோயாளிகளில் 120 பேரிடம் நோலெசி இருந்தது. 2004-இல் 'லான்செட்' இதழில் இது வெளியானபோது, மனிதரின் ஐந்தாவது மலேரியா என்று உலகமே இதைப் பேசத் தொடங்கியது. காப்பிட்டில் அது அபூர்வம் அன்று, பாதிக்கும் மேல்.

அடுத்த கேள்வி வாட்சன் கேட்ட அதே கேள்வி: எந்தக் கொசு? இங்கே பூச்சியியலாளர் இந்திரா வைத்திலிங்கத்தின் பெயரைச் சொல்லியாக வேண்டும். நம் சமூகத்துக்கு அரசியல்வாதிகளையும் நடிகர்களையும் தெரிந்த அளவுக்கு இப்படிப்பட்டவர்களைத் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். காப்பிட்டில் இந்த நோயைப் பரப்புவது 'அனோபிலஸ் லேட்டன்ஸ்' என்று அவரும் கூட்டாளிகளும் 2006-இல் காட்டினார்கள். 2008-இல் பகாங்கின் கோலா லிப்பிஸ் பகுதியில் வேறொரு கொசுவை, 'அனோபிலஸ் கிரேசன்ஸை', அடையாளம் கண்டார்கள்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் அதன் அருமை புரியும். பொழுது சாயும் நேரத்தில் காட்டோரத்தில் ஒருவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, அசையாமல் உட்கார்ந்திருப்பார். கொசு காலில் வந்து அமர்ந்ததும், அது கடிப்பதற்குள் சிறு கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்துப் பிடித்து, வாயைப் பஞ்சால் அடைப்பார். பிடித்த நேரம் எழுதப்படும். ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு கொசுவாக நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஊசி முனையால் தலையை மெல்ல இழுத்து, அதோடு ஒட்டி வரும் உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பிரிப்பார்கள். ஒட்டுண்ணி இருந்தால், நூலிழைபோல் மெல்லிய உருவங்கள் அங்கே நெளியும். கடித்தவுடன் மனித உடலுக்குள் இறங்கக் காத்திருப்பவை அவை. நூற்றுக்கணக்கான கொசுக்களைப் பிரித்தால் தொற்றுள்ளவை ஒரு சிலவே அகப்படும். அந்தச் சிலவற்றிலிருந்துதான் எந்தக் கொசு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்ற விடை கிடைக்கிறது.

கிடைத்த விடை நமக்கு மிக முக்கியமானது. இந்தக் கொசுக்கள் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே கடிக்கின்றன. இருட்டத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் அதிகம் கடிக்கின்றன. கொசுவலைக்குள் தூங்குவது நல்லதுதான். ஆனால் வலைக்குள் போகும் முன்பே கடி விழுந்துவிடும்.

சபாவில் நடந்த ஆய்வுகள் யாருக்கு ஆபத்து அதிகம் என்பதையும் காட்டின. வயது வந்த ஆண்கள், விவசாயமும் செம்பனைத் தோட்ட வேலையும் செய்பவர்கள், புதர் வெட்டுபவர்கள், வெளியில் படுத்துறங்குபவர்கள். காடு அழிந்த இடங்களைச் சுற்றியே நோய் கூடுவதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். குரங்குகள் எப்படி நடமாடுகின்றன என்பதைப் படித்தார்கள்; காடு எப்படிச் சிதைகிறது என்பதை டிரோன் பறக்கவிட்டுப் படம் பிடித்தார்கள். காட்டைச் சுருக்கினால் குரங்கும் கொசுவும் மனிதனும் ஒரே இடத்தில் சேர்கிறார்கள்.

கெடாவை நினைத்துப் பாருங்கள். 1,217 மீட்டர் உயர குனோங் ஜெராய் மலையைச் சுற்றித் தோட்டங்களும் தாமான்களும் நெருங்கிவிட்டன. பாலிங், சிக் பக்கம் மலைச்சரிவில் கித்தாவும் டுரியான் தோப்பும் காட்டைத் தொட்டு நிற்கின்றன. விடியுமுன் நெற்றி விளக்கோடு பால் வெட்டப் போகிறவர்களும், டுரியான் பருவத்தில் குடிசை போட்டு இரவுக் காவல் இருக்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் தமிழரும் மலாய்க்காரரும் உண்டு. வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களும் உண்டு.

நோலெசியின் ஆபத்து அதன் வேகத்தில் இருக்கிறது. மற்ற மனித மலேரியாக்கள் இரத்தத்தில் பெருக 48 அல்லது 72 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நோலெசிக்கு 24 மணி நேரம் போதும். ஒவ்வொரு நாளும் எண்ணிக்கை ஏறும், ஒவ்வொரு நாளும் காய்ச்சல் அடிக்கும். தாமதித்தால் சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். நேரத்தில் கண்டுபிடித்தால் ஆர்டிமிசினின் கூட்டு மருந்துகள் நன்றாகவே குணப்படுத்துகின்றன. சபாவில் நடந்த மருந்துச் சோதனைகள் இதை உறுதிசெய்திருக்கின்றன. வைவாக்ஸ் மலேரியாவைப் போல ஈரலில் ஒளிந்திருந்து பல மாதம் கழித்துத் திரும்பி வரும் வழக்கமும் இதற்கு இல்லை.

சிக்கல் கண்டுபிடிப்பதில்தான். காய்ச்சல், உடல்வலி, தட்டணுக்கள் குறைவு என்று பார்த்ததும் மருத்துவர் மனத்தில் முதலில் தோன்றுவது டெங்கி. நோலெசியிலும் தட்டணுக்கள் குறையும். பட்டையில் சொட்டு இரத்தம் விட்டுப் பார்க்கும் துரித மலேரியாச் சோதனையோ நோலெசியைப் பல நேரம் தவறவிடுகிறது. மலேரியா ஒழிந்துவிட்டது என்று நினைக்கும் நகரத்துக் கிளினிக்கில் அந்தச் சந்தேகமே எழாமல் போகலாம்.

ஆகவே தோட்டத்திலும் காட்டோரத்திலும் வேலை செய்கிறவர்களுக்கும், அவர்களை வேலைக்கு வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாலை ஏழு மணிக்கு மேல் காட்டோரத்தில் இருக்க நேர்ந்தால் முழுக்கைச் சட்டை போடுங்கள், கொசு விரட்டி தடவுங்கள். காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று பானடோல் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். மருத்துவரிடம், "இரண்டு வாரத்துக்குள் காட்டுப் பக்கம் வேலை செய்தேன், அங்கே குரங்குகள் உண்டு" என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மலேரியாவுக்கு இரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.