காற்று தொட்டால் ஆடும் சிற்பம்

சிற்பம் என்றால் கல்லிலும் வெண்கலத்திலும் அசையாமல் நிற்பதுதானே? காற்றடித்தால் அது ஆடினால்?

அப்படி ஆடும் 'மொபைல்' சிற்பங்களால் பெயர் பெற்ற அமெரிக்கர் அலெக்சாண்டர் கால்டர் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங்! கம்பியில் தகடுகளைக் கோத்து, தராசுபோல் எடை பார்த்துத் தொங்கவிடுவார். லேசான காற்று போதும், மெல்லத் திரும்பும்.

1955-ல் அகமதாபாத்தைச் சேர்ந்த கீரா சாராபாய் அழைக்க, அந்த ஊருக்கு வந்தார் கால்டர். பயணச் செலவு சாராபாய் குடும்பத்தினருடையது. பதிலுக்கு, அங்கேயே தங்கிச் சிற்பங்கள் செய்துகொடுத்தார். நல்ல பண்டமாற்றுதான்!

'மொபைல்' என்று பெயர் வைத்தது அவருடைய நண்பர் மார்செல் துஷாம்ப். நம் கைப்பேசிக்கு வெகுகாலம் முன்பே!