மஜ்காவ் மாடியில் சீனத்துச் சாமிகள்

செம்பூரில் ஏறினால் வண்டி மாறாமல் ஹார்பர் லைனில் டாக்யார்டு ரோடு போய்விடலாம். குர்லா, வடாலா, சிவ்ரி எல்லாம் தாண்டி ரே ரோடுக்கு அடுத்த ஸ்டேஷன். முப்பது வருடம் அதைக் கடந்து வி.டி.க்கு வேலைக்குப் போய் வந்தவன் நான். ஒருநாளும் அங்கே இறங்கியதில்லை. அதன் பக்கத்திலேயே, நவாப் டேங்க் சாலையில், பழைய வீடு ஒன்றின் மாடியில் சீனக் கோயில் இருக்கும் சங்கதி ஓய்வு பெற்ற பிறகுதான் காதில் விழுந்தது.

1919இல் வைத்த கோயில். பெயர் சீ யப் கூன். சீ யப் என்றால் நான்கு ஊர்கள், கூன் என்றால் மன்றம். தென்சீனத்துக் குவாங்டாங் மாகாணத்தின் நான்கு வட்டாரங்களிலிருந்து கப்பல் வேலைக்கு வந்தவர்கள் சேர்ந்து கட்டியது. கோவாக்காரக் கப்பல் தொழிலாளிகளுக்கு தோபி தலாவில் ஊருக்கு ஒரு 'குட்' இருந்ததே, அந்த மாதிரி. ஒரு கப்பலிலிருந்து இறங்கி அடுத்த கப்பல் கிடைக்கும்வரை படுக்க ஓர் இடம், கும்பிட ஒரு சாமி. மஜ்காவ் கப்பல் துறை கூப்பிடு தூரம்.

மேல்மாடியில் இருப்பவர் குவான் குங். சிவந்த முகம், நீண்ட தாடி. கற்பனைச் சாமி அல்ல. குவான் யூ என்ற நிஜமான படைத்தலைவர். ஹான் பேரரசு உடைந்து மூன்று நாடுகளாகச் சிதறிய காலத்தவர். லியூ பெய், சாங் ஃபெய் என்ற இருவரோடு பீச் மரத் தோட்டத்தில் நின்று, 'பிறந்த நாள் வேறானாலும் இறக்கும் நாள் ஒன்றாகட்டும்' என்று சத்தியம் செய்து அண்ணன் தம்பி ஆனார் என்பது கதை. ஊரை விட்டு வந்து, ரத்த சொந்தம் யாருமில்லாத துறைமுகத்தில் நிற்கிற கப்பல்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான சாமி கிடைக்குமா? கி.பி. 220 வாக்கில் எதிரியிடம் பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டார். தலை லோயாங்கில், உடல் டாங்யாங்கில், ஆவி பிறந்த ஊரான ஷான்சியில் என்று சீனர்கள் சொல்வார்கள். மூன்று இடத்திலும் இன்றைக்கும் கோயில் இருக்கிறது. 1614இல் மிங் பேரரசர் அவருக்குப் பேரரசர் பட்டமே கொடுத்துவிட்டார். ஹாங்காங்கில் போலீஸ் ஸ்டேஷனிலும் அவர் படம், ரவுடிக் கும்பலின் அறையிலும் அவர் படம். மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் நிழலுலக தாதா வரதாபாய் வைத்த பிள்ளையார் பந்தலைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

வெட்டுப்பட்டுச் செத்தவனைச் சாமியாக்கிக் கும்பிடுவதைத் திருநெல்வேலிக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாபநாசத்துக்கு மேலே, காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் நிற்கிறார். பிராமணனாய்ப் பிறந்து, செருப்புத் தைக்கும் வீட்டுப் பெண்கள் இருவரை மணந்து, அவர்கள் தொழிலையே தன் தொழிலாக்கிக்கொண்டு, மாடு கவர வந்தவர்களோடு மோதி உயிரை விட்ட முத்துப்பட்டன்தான் அவர். வேண்டுதலுக்குத் தோல் செருப்பு செய்து கொண்டுபோய்த் தொங்கவிடுவார்கள். தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு அந்தக் காலத்தில் வந்து சேர்ந்த நம்மவர்களில் மிகப் பலர் அந்த மாவட்டத்துக்காரர்கள்தான்.

மஜ்காவ் கோயிலில் கீழே குவான் யின் அம்மன். என்னை அங்கே கட்டிப்போட்டது இவள்தான். கருணைத் தெய்வம் என்று சீனம் முழுக்கக் கும்பிடுகிற இந்தத் தாய், ஆதியில் அவலோகிதேசுவரர் என்ற ஆண் போதிசத்துவர். சீனத்துக்குப் போய் நூற்றாண்டுகள் கழித்துப் பெண்ணானார். அவர் குடியிருந்த மலையின் பெயர் பௌத்த நூல்களில் போதலகம். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்த யுவான் சுவாங், தெற்கே மலய மலைக்குக் கிழக்கில் அந்த மலை இருப்பதாகவும், உச்சியில் ஒரு சுனை, அதிலிருந்து புறப்படும் ஆறு மலையைச் சுற்றிச் சுற்றி ஓடித் தென்கடலில் விழுவதாகவும் கேட்டு எழுதி வைத்தார். சந்தனம் விளையும் தென்மலை, கடலுக்கு ஓடும் ஆறு என்றால் நமக்கு எது நினைவுக்கு வரும்? ஜப்பானிய அறிஞர் ஷூ ஹிக்கோசாகா அது பொதிகையே என்று 1980களில் வாதிட்டார். அகத்தியர் தமிழ் கற்றதே அவலோகிதனிடம்தான் என்று பதினொன்றாம் நூற்றாண்டு வீரசோழியம் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா ஆய்வாளரும் ஒத்துக்கொண்ட முடிவு அல்ல; எனக்கு ஒத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

சீனர்கள் அவ்வளவு தூரம் வந்து பொதிகை ஏற முடியாததால் மலையையே தங்கள் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். செஜியாங் கரைக்கு அப்பால் ஒரு தீவுக்குப் புத்துவோ மலை என்று பேர் வைத்தார்கள். போதலகம் சீன நாக்கில் அப்படி ஆனது. குவான் யின் சிலையை ஜப்பானுக்கு எடுத்துப்போன துறவியின் கப்பல் அங்கே நகர மறுத்ததாம். போக மனமில்லாத குவான் யின் என்றே அங்கே ஒரு கோயில். இன்று அதே தீவில் கடலைப் பார்த்தபடி 33 மீட்டர் சிலை, சுற்றுலாக் கூட்டம். குவான் யூவுக்கும் அப்படித்தான் ஆயிற்று. அவர் காவல் காத்த ஜிங்சோவ் நகரில் 2016இல் ஐம்பத்தேழு மீட்டருக்கு வெண்கலத்தில் எழுப்பினார்கள். பழைய ஊரின் அழகே கெட்டது என்று 2020இல் அரசே கண்டித்து, பல கோடி யுவான் செலவழித்துப் பிரித்து இடம் மாற்றினார்கள். மஜ்காவ் மாடியில் அவருக்கு வாய்த்திருக்கும் இடம் ஒரு கூடத்தின் சுவர்தான். அவரைக் கேட்டால் எதைச் சொல்வாரோ.

அன்றைக்கு மும்பையில் சீனர் என்றால் கப்பல்காரர் மட்டுமில்லை. காமாட்டிபுரத்துச் சுக்லாஜி தெருப் பக்கம் அவர்கள் குடியிருப்பு, பல் வைத்தியர், செருப்புக் கடைக்காரர், உணவு விடுதிக்காரர். 1962 போர் எல்லாவற்றையும் கலைத்தது. நாடெங்கும், முக்கியமாக அஸ்ஸாம், வங்காளப் பக்கத்திலிருந்து, சுமார் 3,000 சீன வம்சாவளியினரைப் பிடித்து ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். சிலர் வருடக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். மும்பையில் மிஞ்சியவர்களுக்கும் சந்தேகக் கண்ணுக்கு நடுவில்தான் வாழ்க்கை. கனடா, ஆஸ்திரேலியா, ஹாங்காங் என்று கிளம்பினார்கள். இப்போது சீனம் என்றால் மும்பைக்காரனுக்கு மஞ்சூரியன், அதுவும் இந்த ஊரில் 1975இல் நெல்சன் வாங் செய்து பார்த்ததாகச் சொல்லப்படும் ஐட்டம். மழையும் ஆறும் தன் வசம் வைத்திருந்த டிராகனை சைனீஸ் பேல் வண்டியின் தகரத்தில் சிவப்புப் பெயிண்டில் பார்க்கலாம்.

கோயில் மட்டும் நிற்கிறது. ஊதுவத்தி உண்டு. எண் எழுதிய மூங்கில் குச்சிகள் நிறைந்த குவளையைக் குலுக்கி, விழுகிற குச்சியின் எண்ணுக்குப் பலன் பார்ப்பார்கள். நம் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதற்கு அண்ணன். மிச்சமிருக்கும் குடும்பங்கள் சீனப் புத்தாண்டு இரவில் கூடுகின்றன. அமாவாசைக் கணக்குதான், பெரும்பாலான வருடங்களில் நம் தை அமாவாசையை ஒட்டியே வரும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர்கள் தர்ப்பணம் முடித்து வாழைக்காய்க் கறியோடு சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில், சில ஸ்டேஷன் தள்ளி அவர்கள் விழித்திருப்பார்கள்.

நான் போன அன்று என்னைத் தவிர யாருமில்லை. குவான் யின் முன்னால் எப்படிக் கும்பிடுவது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறிவிட்டு, ஊர்ப் பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தாராவியில் எனக்குத் தெரிந்த ஒருவர், அம்பாசமுத்திரத்துக்காரர், ஆடி அமாவாசைக்குக் காரையார் போவதற்காக ஒரு சோடி செருப்பு தைத்து வைத்திருந்தார். திரும்பும் வழியில் அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தச் சீனத்து அம்மனுக்கு என்னவே காணிக்கை போடுதாங்க?" என்றார்.

ஆரஞ்சுப் பழம் என்றேன்.