நடப்பவர்களுக்கு எத்தனை அடி?

சென்னை தி.நகரில் பனகல் பூங்காவிலிருந்து போகும் தியாகராய சாலையைப் பாண்டி பஜார் என்றால்தான் பலருக்கும் தெரியும். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் திருத்தப்பட்டு, 2019 நவம்பரில் நடைபாதை வளாகமாக அது திறக்கப்பட்டது. நடைபாதை அகன்றது, வண்டிப் பாதை ஒடுங்கியது. ஏற்கெனவே நெரிசலில் திணறும் இடத்தில் சாலையைக் குறுக்கலாமா என்ற கேள்வி, இப்படி எந்தத் தெருவில் கை வைத்தாலும் எழும். கேட்பதில் தவறில்லை. ஆனால் சாலையின் முழு அகலமும் ஓடும் வண்டிகளுக்கே பயன்படுகிறது என்ற தப்புக்கணக்கு அதற்குள் இருக்கிறது.

எந்தக் கடைத்தெருவையும் கவனித்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு வரிசை பைக், அதை ஒட்டி இன்னொரு வரிசை, அதற்கும் வெளியே சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோ, சரக்கு இறக்கும் வேன். ஒரு வரிசையில் கார் ஓட 3 முதல் 3.5 மீட்டர் போதும். சாலை ஓரிடத்தில் 10 மீட்டரும் சற்றுத் தள்ளி 7 மீட்டரும் இருந்தால், எத்தனை வண்டி போகும் என்பதை முடிவு செய்வது அந்த 7 மீட்டர்தான். அகன்ற இடத்தில் முண்டியடித்து முந்தியவர்கள் எல்லாரும் குறுகலில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். ஹாரன் சத்தம் காதைப் பிளப்பதும் அங்கேதான். அந்தக் கூடுதல் 3 மீட்டர் வண்டி நிறுத்தத்தான் உதவுகிறது. ஓடும் பாதையை ஒரே சீரான அகலத்தில் வைத்துவிட்டு மிச்சத்தை நடப்பவர்களுக்குக் கொடுப்பதால் போக்குவரத்து இழப்பது சொற்பம்.

வண்டி நிறுத்த இடமில்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பது கடைக்காரர்களின் பயம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1962இல் ஸ்ட்ரோயெட் என்ற கடைவீதியில் வண்டிகளுக்குத் தடை விதித்தபோது அங்குள்ள வியாபாரிகளும் இதையே சொன்னார்கள். இன்று அந்நகரின் பெயர்பெற்ற கடைவீதி அதுதான். அவ்வளவு தூரம் போவானேன்? தி.நகருக்கு மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கியும் பேருந்திலும் வரும் கூட்டம் கொஞ்சமல்ல. அவர்கள் எல்லாரும் கடைவாசலை நடந்துதான் தொட வேண்டும். காரில் வருகிறவர்களுக்காகப் பாண்டி பஜாரில் 200க்கும் மேற்பட்ட கார்கள் நிற்கும் அடுக்குமாடி நிறுத்தமும் கட்டப்பட்டது. ஓரத்தில் இலவசமாக நிறுத்தலாம் என்றிருக்கும் வரை காசு கொடுத்து யாரும் மாடி ஏறமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இடம் பறிபோய்விடும் என்ற தெருவோர வியாபாரிகளின் கவலைதான் கனமானது. பாண்டி பஜார் வியாபாரிகள் 2013இலேயே ஒரு வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள். மற்ற தெருக்களிலோ, நாலடி நடைபாதையில் பூக்காரியும் நடப்பவரும் இடத்துக்கு மல்லுக்கட்டியே ஆகவேண்டும். அகன்ற நடைபாதையில் இருவருக்கும் இடம் உண்டு. அகலப்படுத்திய பிறகும் பூக்காரியைத் துரத்தினால் அது வடிவமைப்பின் குறையல்ல, அதிகாரிகளின் மனப்போக்கின் குறை.

உண்மையான சிக்கல் சின்னச் சின்ன அளவுகளில் இருக்கிறது. நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் குழுமத்தின் வழிகாட்டுதல். நம் பழைய நடைபாதைகளோ முழங்கால் அளவுக்கு உயர்ந்து, ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் இறங்கி மறுபடி ஏறுகின்றன. மூட்டுவலிக்காரர் இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத் தார்ச் சாலையில் இறங்கிவிடுவார். நடைபாதை சமமாகப் போக, ஏறி இறங்குவது காராக இருக்கவேண்டும். பைக்குகளைத் தடுக்க நடும் குட்டைத் தூண்களிலும் ஒரு சங்கடம் உண்டு: சக்கர நாற்காலி தாராளமாகப் போகச் சுமார் 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், அதில் ஸ்கூட்டரும் நுழைந்துவிடும். எனவே அபராதச் சீட்டு கிழிக்கும் காவலர் இல்லாமல் எந்த வரைபடமும் வேலை செய்யாது.

இவ்வளவு பணம் எல்லாத் தெருவுக்கும் ஏது என்பார்கள். போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் ஒதுக்குவதாக 2014இலேயே கொள்கை வகுத்தது சென்னை மாநகராட்சி. அலங்கார இருக்கைகளும் விளக்குகளும் எல்லா இடத்துக்கும் தேவையில்லை. அரசு மருத்துவமனைக்கும் அதன் எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே சமமான 1.8 மீட்டர் நடைபாதையும், சாலையைக் கடக்க ஒரு சிக்னலும் போட அவ்வளவு கோடிகள் ஆகாது.