வரி வகுப்பு 5: ஜெர்மனியில் மனைவியின் சம்பளச் சீட்டு சொல்லாத இழப்பு

ஜெர்மனியில் 2025ஆம் ஆண்டின் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய 2026 ஜூலை 31 கடைசி நாள். அங்கே வேலை செய்யும் வாசகர்கள் எழுதும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான்: கணவன், மனைவி இருவருக்கும் சம்பளம் வருகிறது; வரி வகுப்பு 3–5 நல்லதா, 4–4 நல்லதா?

கல்யாணம் பதிவானதும் இருவரும் வகுப்பு 4க்குப் போவார்கள். விண்ணப்பித்தால் அதிகம் சம்பாதிப்பவருக்கு 3, மற்றவருக்கு 5. அடிப்படை வரிவிலக்கு 2025இல் ஆளுக்கு 12,096 யூரோ. 3இல் இருப்பவருக்கு இருவர் பங்கும் சேர்ந்து போகிறது; 5இல் இருப்பவருக்கு அது அறவே இல்லை. நடைமுறையில் 5இல் இருப்பது பெரும்பாலும் மனைவிதான்.

"வகுப்பு மாதப் பிடித்தத்துக்கான ஏற்பாடுதான், ஆண்டு வரி மாறாது" என்பது அதிகாரபூர்வ விளக்கம். வரியை மட்டும் பார்த்தால் சரி. தம்பதியின் வருமானத்தைக் கூட்டி, பாதியாக்கி, அந்தப் பாதிக்குரிய வரியை இரட்டிப்பாக்கும் முறை 1958 முதல் நடப்பில் உள்ளது. எந்த வகுப்பில் இருந்தாலும் இறுதிக் கணக்கு அதுவே.

அந்த விளக்கம் சொல்லாமல் விடுவது உதவித்தொகைகளை. குழந்தை பிறந்தபின் பெற்றோருக்குக் கிடைக்கும் எல்டர்ன்கெல்ட், வேலையிழந்தவருக்கான படி இரண்டும் பிடித்தம் போக மிஞ்சும் சம்பளத்தை அடிப்படையாகக் கொண்டவை. எல்டர்ன்கெல்ட் பெரும்பாலோருக்கு அதில் 65 விழுக்காடு. வேலையிழப்புப் படி 60, பிள்ளை இருந்தால் 67. வகுப்பு 5ஆல் மனைவியின் நிகரச் சம்பளம் மாதம் 300 யூரோ குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்டர்ன்கெல்ட்டில் மாதம் 195 யூரோ போகும். 12 மாதத்தில் 2,340 யூரோ. கூடுதலாகப் பிடித்த வரி ஆண்டுக் கணக்கில் நேராகிவிடும். இந்தத் தொகையை எந்தக் கணக்கும் திருப்பித் தராது.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றால் காலம் இடம் தராது. பேறுகால விடுப்பு தொடங்கும் மாதத்துக்கு முந்தைய 12 மாதங்களில் அதிக மாதங்கள் எந்த வகுப்பில் இருந்தாரோ அதுவே கணக்கில் வரும். விடுப்பு பிரசவத்துக்கு 6 வாரம் முன்பே தொடங்குகிறது. ஆகவே கர்ப்பம் உறுதியாகும்போதே பலருக்குக் கெடு கடந்திருக்கும். மாதாந்திர லாபம் கணவனின் சம்பளச் சீட்டில் தெரிகிறது. இழப்பை மனைவி தனியாகச் சுமக்கிறார். இதை வெறும் பிடித்தம் செய்யும் முறை என்று அழைப்பது நியாயமில்லை.

மற்ற கேள்விகள்:

3–5 தம்பதி கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டுமா? ஆம், கட்டாயம்.

வரி ஆலோசகர் தாக்கல் செய்தால்? 2027 மார்ச் 1 வரை நேரம் உண்டு.

மனைவி சென்னையில் இருக்கிறார். வகுப்பு 3 கிடைக்குமா? கிடைக்காது.

வகுப்பை எங்கே மாற்றுவது? வரித்துறையின் எல்ஸ்டர் இணையதளத்தில், அடுத்த மாதம் முதல் நடப்புக்கு வரும்.

நடுவழி உண்டா? 4–4 உடன் "காரணி" முறை. 2010 முதல் இருக்கிறது, இருவர் வரிவிலக்கும் அவரவரிடமே இருக்கும்.

3–5 ஒழியுமா? 2021இல் அமைந்த கூட்டணி அரசு அப்படி வாக்களித்தது. 2024 நவம்பரில் கூட்டணி உடைந்தது, வாக்குறுதி சட்டமாகவில்லை.