பலர் பேணும் களஞ்சியம்

செய்திகளை அட்டவணைகளாக வகுத்து, ஒன்றோடொன்று தொடர்புறுத்திக் காக்கும் மென்பொருள்களுள் போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஒன்று. பெயர் நாவிற்குச் சற்று இடர் தரும். அமெரிக்காவில், பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில், ஸ்டோன்பிரேக்கர் என்னும் அறிஞர் 1986-இல் தொடங்கிய ஆய்வே இதன் தோற்றுவாய். இன்று இதற்குத் தனி உரிமையாளர் இலர். இதன் மூலநிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம். பல நாட்டாரும் கூடி வளர்க்கின்றனர். ஆண்டுதோறும் புதுப்பதிப்பொன்று வெளிவரும். ஒவ்வொன்றும் ஐந்தாண்டுகள் பேணப்படும். மூன்று திங்களுக்கு ஒருமுறை பிழைதிருத்தங்களும் வரும்.

திருத்தத்திலும் பிழை நேர்வதுண்டு. 2024 நவம்பர் 14-இல் வெளியான திருத்தத்தால், இம்மென்பொருளோடு இணைந்தியங்கும் துணைநிரல்கள் சில இடர்ப்பட்டன. நினைவகத்தில் ஓர் உள்ளமைப்பின் அளவு சிறிது பெருகியமையே காரணம். அடுத்த திருத்தத்திற்குரிய காலமோ பிப்ரவரி. அதுவரை காத்திராமல், நேர்ந்த பிழையை வெளிப்படையாக அறிவித்து, ஏழாம் நாளே மாற்றுத் திருத்தத்தை வெளியிட்டனர்.