கணக்கு நம்முடையது, சர்வர் யாருடையது?

பாலசமுத்திரத்தில் ஒரு பெட்டிக்கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை போன்பே நிறுவனத்தினுடையது. பள்ளிப்பட்டிலிருந்து வந்தவரின் போனில் இருப்பது கூகுள் பே. இருவருக்கும் வங்கியும் வேறு. 1960-இல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது ஆந்திரத்தின் சித்தூர் பக்கமே நின்றுவிட்ட ஊர் பாலசமுத்திரம். நடுவில் மாநில எல்லை வேறு. ஆனாலும் பத்து ரூபாய் நொடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. யுபிஐ என்ற பொது விதிக்கு எல்லோரும் கட்டுப்பட்டிருப்பதே காரணம்.

இதே இருவரில் ஒருவர் ஃபேஸ்புக்கிலும் மற்றவர் எக்ஸிலும் இருந்தால், அங்கிருந்தபடியே ஒரு வரிகூடப் பேசிக்கொள்ள முடியாது. அந்தச் சுவரை உடைக்க வந்தவைதான் பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளங்கள்.

இவற்றில் பலரும் அறிந்தது மாஸ்டடான். ஜெர்மனியில் ஆய்கன் ரோஷ்கோ 2016-இல் தொடங்கினார். இதில் ஒரே தலைமை சர்வர் கிடையாது. கல்லூரியோ சங்கமோ தனியாளோ, யார் வேண்டுமானாலும் சர்வர் வைக்கலாம். மின்னஞ்சல் முகவரியைப் போலவே, உங்கள் பெயரும் சர்வரின் பெயரும் சேர்ந்ததுதான் முகவரி. நீங்கள் ஒரு பதிவு போட்டால், உங்களைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் ஒவ்வொரு சர்வரின் அஞ்சல்பெட்டிக்கும் உங்கள் சர்வர் அதன் நகலை அனுப்பிவைக்கும். இந்தப் போக்குவரத்துக்கான பொது விதி ஆக்டிவிட்டிபப். உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018-இல் அதை அங்கீகரித்தது. ஒரு சர்வரிலிருந்து அவதூறு கொட்டினால், மற்ற சர்வர்கள் அதனோடு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளலாம். சர்வர் மாறினால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள். ஆனால் பழைய பதிவுகள் வராது. இது பெரிய குறைதான்.

அந்தக் குறையைத் தீர்க்கப் பார்த்தது ப்ளூஸ்கை. அடையாளம் ஓரிடத்தில், பதிவுகள் ஓரிடத்தில், அவற்றைத் திரட்டிக் காட்டும் செயலி இன்னோரிடத்தில் என்று பிரித்து வைத்ததால், பதிவுகளோடு இடம் மாறலாம். என்றாலும் பயனர்களில் பெரும்பாலோர் இன்னும் அந்த நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கிறார்கள்.

நமக்கு இது ஏன் வேண்டும்? 2019 இறுதியில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) கணக்கு முடக்கப்பட்டது. கூட்டமே நாஜி வணக்கம் வைக்க, ஒருவர் மட்டும் கைகட்டி நிற்கும் பழைய படத்தை அவர் முகப்பில் வைத்திருந்தார். கொதித்துப்போன இந்தியர்கள் பலர் மாஸ்டடானுக்குப் போனார்கள். பலர் திரும்பியும் வந்துவிட்டார்கள். பேச ஆள் இருக்கும் இடத்துக்குத்தானே மனிதர் போவார்? பெங்களூருவின் கூ செயலி, தமிழ் உட்பட நம் மொழிகளில் எழுத இடம் கொடுத்தது. 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள். எழுதியவர்கள் சேர்த்த கூட்டம் கலைந்துபோனது. ஒரு பொது விதியில் இயங்கியிருந்தால், வேறு சர்வருக்கு அந்தக் கூட்டத்தோடு போயிருக்கலாம்.

இனி பணம். சர்வர் வாடகை மாதாமாதம் வரும். படமும் வீடியோவும் சேரச் சேரக் கூடும். மாஸ்டடான் நன்கொடையில் ஓடுகிறது. ப்ளூஸ்கை 2023-இல் இணைய முகவரி விற்றுப் பார்த்தது. 2024-இல் முதலீட்டாளர்களிடம் 1.5 கோடி டாலர் திரட்டியது. முதலீடு போட்டவர்கள் ஒருநாள் லாபம் கேட்பார்கள். ஸ்டீமிட் என்ற தளம் 2016-இல், விழும் ஓட்டுக்கேற்ப, எழுதுவதற்கே கிரிப்டோ நாணயம் கொடுத்தது. எழுத்தை விட்டுவிட்டு ஓட்டு வாங்குவதே தொழிலானது. நாணயத்தின் விலை சரிய, 2018-இல் ஊழியர்களில் 70 சதவீதம் பேருக்கு வேலை போனது. இந்தியாவிலோ கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. இந்த வழி நமக்கு ஒத்துவராது.

எனக்குச் சரியென்று படுவது பால் சொசைட்டி வழி. பால் ஊற்றுகிறவரே உறுப்பினர், அவரே பங்குதாரர். சோஷியல் டாட் கூப் என்ற கூட்டுறவு இப்படித்தான் உறுப்பினர் சந்தாவில் ஒரு மாஸ்டடான் சர்வரை நடத்துகிறது. மாங்காய் விலை பேசும் விவசாயிகளோ, எல்லையோரத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களோ சேர்ந்தால் நமக்கும் முடியும். கூட்டுறவு என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது என்பதும் சித்தூர் மாவட்டத்துக்குத் தெரியும். அங்கிருந்த கூட்டுறவுப் பால் பண்ணை 2002-இல் மூடப்பட்டது. அப்படி ஆகாதிருக்க, சர்வரின் கணக்கு வழக்கை மாதந்தோறும் உறுப்பினர் முன் வைக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, சிறிய சர்வருக்கும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் வேண்டும்.

அதற்கெல்லாம் நாளாகும். அதுவரை ஒன்று செய்யுங்கள். ஃபேஸ்புக், எக்ஸ் இரண்டிலும் உங்கள் பதிவுகளின் நகலை இறக்கிக்கொள்ளும் வசதி அமைப்புகள் பக்கத்தில் இருக்கிறது, காசு கிடையாது. இந்த வாரமே இறக்கி, உங்கள் கணினியில் பத்திரப்படுத்துங்கள்.