கடைமடைத் தண்ணீரின் சிக்லிட்

ஜிலேபிக் கெண்டையை அறியாத வீடு காவிரிப் படுகையில் இருக்காது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது. இன்று வாய்க்கால், குளம், குட்டை என்று ஒன்றையும் அது விட்டுவைக்கவில்லை. சிக்லிட் என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. வண்ணமீன் கடைகளில் நீலப்புள்ளி மின்ன நிற்கும் ராம் மீனும், வாங்குபவரை விலை கேட்கவே தயங்கவைக்கும் அபிஸ்டோகிராம்மாவும் அதே குடும்பத்துக் குள்ளர்கள்தான். இதே குடும்பத்தில் நம்மூர்க் குள்ளன் ஒருவன் இருப்பது மட்டும் பலருக்குத் தெரியாது.

இந்தியாவைப் பூர்விகமாகக் கொண்ட சிக்லிட்கள் மூன்றே மூன்று. முதலாவது செத்தகெண்டை. மலையாளிகளின் கரிமீன் அதுவே. 2010இல் கேரளம் அதை மாநில மீனாக அறிவித்தது. இரண்டாவது கர்நாடகத்து ஆறுகளில் வாழ்வது. மூன்றாவதுதான் ஆரஞ்சு குரோமைடு. உள்ளங்கைக்குள் அடங்கும்; எட்டு சென்டிமீட்டரே அதற்குப் பெரிய அளவு. உடல் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்திருக்கும், நடுவிலாவில் ஒரு கரும்புள்ளி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆறு கடலோடு கலக்கும் உப்பங்கழிகளிலும் அவற்றையொட்டிய நன்னீரிலும் வாழ்கிறது.

தரங்கம்பாடியில் பணியாற்றிய ஜான் பாதிரியார் சோழமண்டலக் கரையின் மீன்களைப் பாடம்செய்து பெர்லினுக்கு அனுப்பிவந்தார். அங்கே அவற்றை ஆராய்ந்தவர் மார்கஸ் எலீசர் ப்ளாக் என்ற மருத்துவர். செத்தகெண்டைக்கு 1790இலும் ஆரஞ்சு குரோமைடுக்கு 1795இலும் அறிவியல் பெயர் வைத்தவர் அவரே. தட்டையான உடலைப் பார்த்து இரண்டையும் கடலின் வண்ணத்துப்பூச்சி மீன்களோடு சேர்த்துவிட்டார். சாராயப் புட்டிக்குள் இருக்கும் மீன் எந்தத் தண்ணீரில் வாழ்ந்தது என்று சொல்லுமா?

ஆனால் குள்ள சிக்லிட் வளர்ப்பில் முதல் கேள்வியே தண்ணீர்தான். ராமின் ஊர் வெனிசுலா, கொலம்பியா நாடுகளில் பரந்த ஒரினோகோ வெள்ளச் சமவெளி. அங்கே தண்ணீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு. தஞ்சாவூர் வெயில் ராமுக்கு ஒரு பொருட்டில்லை, 28 டிகிரியை விரும்பியே ஏற்கும். இடைஞ்சல் செய்வது போர் தண்ணீர். அந்தக் கடினநீரில் ஜோடி சேரும், கல்லைச் சுத்தம் செய்யும், முட்டையும் இடும். மறுநாளே முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் முதல் சில மழைகளை மாடியைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழைநீரை டிரம்மில் பிடித்துக் கலந்தால் பலன் உண்டு. காய்ந்த நாட்டுவாதுமை இலை இரண்டைப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். ஆனால் சித்திரையில் என்ன செய்வது?

அபிஸ்டோகிராம்மா இன்னும் விசித்திரம். அதன் பல இனங்களில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதில் தண்ணீரின் வெப்பத்துக்கும் பங்கு உண்டு என்று 1996இல் ரோமர், பைசன்ஹெர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். சூடு ஏறினால் ஆண்கள் பெருகும். நம் கோடையில் பொரித்த குஞ்சுகளில் பெண்ணைத் தேட வேண்டியிருந்தால் ஆச்சரியமில்லை.

ஆரஞ்சு குரோமைடுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. கடலோரத்துக் கடினமான போர் தண்ணீர் அதற்கு ஒத்துப்போகும். லேசான கரிப்பு இருந்தால் இன்னும் தெம்பு. மூன்றடித் தொட்டி, பொடி மணல், தட்டையான கற்கள், ஓர் உடைந்த நாட்டு ஓடு, மிதமாக ஓடும் ஸ்பாஞ்ச் பில்டர் போதும். ஆண் பெண் பார்த்துப் பிரிப்பது கடினம் என்பதால் ஆறேழு குட்டிகளை வாங்கிவிட்டு, ஜோடியைத் தேர்ந்துகொள்ளும் வேலையை அவற்றிடமே விட்டுவிடலாம். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய தங்க நிறத்தவை. கொசுப்புழு கொடுத்தால் பாய்ந்து தின்னும்.

ஜோடி சேர்ந்ததும் சாது மீன் ரவுடியாகிவிடும். மற்றவற்றை எடுத்துவிடுவது நல்லது. ஓட்டிலோ கல்லிலோ இருநூறு முட்டை வரை ஒட்டவைத்து, இரண்டும் மாறி மாறி விசிறிக் காவல் காக்கும். ஏறக்குறைய ஐந்து நாளில் பொரித்ததும், மணலில் தோண்டிய குழிகளுக்குக் குஞ்சுகளை வாயால் கவ்விக் கொண்டுபோகும். இந்தச் சமயத்தில் பெற்றோரின் அடிவயிறும் வயிற்றுத் துடுப்பும் கறுத்துவிடும். அந்தக் கறுப்புக்கு வேலை உண்டு. துடுப்பைப் படபடவென்று அடித்துக்காட்டினால் சிதறிய குஞ்சுகள் பெற்றோரிடம் ஓடிவரும் என்பதை 1969இல் கோல், வார்டு இருவரும் ஆராய்ந்து எழுதினார்கள். இந்த அழைப்பைக் காண நுண்ணோக்கியெல்லாம் வேண்டாம். தொட்டி முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும்.

நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் பெற்றோரின் உடலில் வந்து உரசி உரசி விலகும். இதை 1967இல் வார்டும் பார்லோவும் விரிவாகப் பதிவு செய்தார்கள். உரசும்போது குஞ்சுகள் தோலின் மேலுள்ள சளியைக் கொறிக்கின்றன. அமேசானின் டிஸ்கஸ் மீனும் இப்படித்தான் குஞ்சு வளர்க்கிறது. முட்டையிட்டபின் டிஸ்கஸ் சளியில் புரதமும் நோயெதிர்ப்புப் பொருளும் கூடுவதை 2010இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. முலையில்லாத உயிர் ஏறக்குறைய பால் கொடுக்கிறது, அதுவும் அப்பா அம்மா இருவருமே! நம் மீனின் குஞ்சுக்குச் சளி கூடுதல் உணவுதான். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சைக் கொடுத்துத் தனியாகவும் வளர்த்துவிடலாம். ஆனால் அப்படிப் பிரித்தால் பார்க்க வேண்டியதைத் தொலைத்தவர்களாவோம்.

இந்த உரசல் பழக்கம் பெற்றோர், குஞ்சுகளோடு நிற்கவில்லை. ஆரஞ்சு குரோமைடு, செத்தகெண்டையின் உடலைக் கொத்திச் சுத்தம் செய்வதை வைமனும் வார்டும் 1972இல் விவரித்தார்கள். சிறுவயதில் பெற்றோர்மேல் கொறித்த பழக்கமே இதற்கு வேராக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். பெரிய மீன் அசையாமல் நின்று காட்டும். அதே சின்ன மீன் சமயம் வாய்த்தால் செத்தகெண்டையின் முட்டைகளையும் தின்னும். தொட்டியில் இரண்டையும் சேர்த்து வளர்க்க நினைப்பவர் இதை மறக்கக் கூடாது.

இந்த மூன்று மீன்களுக்கும் மிக நெருங்கிய உறவு ஆசியாவில் இல்லை, கடலுக்கு அப்பால் மடகாஸ்கரில் வாழும் பாரெட்ரோப்ளஸ் மீன்கள். சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது இந்தக் குடும்பமும் பிரிந்தது என்பது ஒரு கட்சி. மிகப் பழைய சிக்லிட் புதைபடிவங்களில் சேர்பவை, டான்சானியாவின் மஹெங்கேயில் கிடைத்தவை, சுமார் 4.6 கோடி ஆண்டுப் பழமை மட்டுமே கொண்டவை. ஆகவே பிற்காலத்தில் கடலைக் கடந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது எதிர்க்கட்சி. கடலைக் கடந்த கட்சிக்குச் சாட்சி சொல்வது, நம் தொட்டியில் போர் தண்ணீரைத் தாங்கும் அதே உப்புத் தாங்கும் குணம். பிரிந்த கட்சிக்கோ நிலவியல் வரைபடமே சாட்சி. எண்பது மில்லியன் ஆண்டுப் பழைய பாறை ஒன்றிலிருந்து ஒரே ஒரு சிக்லிட் எலும்பு கிடைத்தால் எதிர்க்கட்சியின் முக்கிய வாதம் உடைந்துவிடும். அதுவரை வாய்தாதான்.